புது 55 இன்ச் டிவி, படம் மனசுக்கு ஒட்டவில்லை. கேபிள் மாற்றவா, செட்டிங் மாற்றவா?

பொருநைக்கரை:
வணக்கம். வீட்டுக்குப் புதிதாக 55 இன்ச் 4கே எல்இடி டிவி வாங்கியிருக்கிறோம். முன்னால் இருந்தது 32 இன்ச். அப்பாவும் அம்மாவும் "பழைய டிவியிலேயே படம் நல்லா இருந்துச்சே" என்கிறார்கள், எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் படுகிறது. முகமெல்லாம் மெழுகு பூசியது போல வழவழவென்று இருக்கிறது. ஓடிடியில் படம் போட்டால் ஏதோ சீரியல் ஷூட்டிங்கை நேரில் பார்ப்பது போல இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்துக்குப் பின்னால் ஒரு நிழல் ஓடுகிறது. இருட்டான காட்சிகளில் கட்டம் கட்டமாகத் திட்டுகள்.
கடையில் கேட்டால், கூட வந்த எச்டிஎம்ஐ கேபிள் சாதாரணமானது, 3,500 ரூபாய்க்கு ஒரு 4கே கேபிள் இருக்கிறது, அதைப் போட்டால்தான் இந்த டிவியின் முழுத் தரமும் தெரியும் என்கிறார்கள். கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கச் சொல்கிறார்கள். வீட்டில் டிடிஎச் எச்டி பாக்ஸ், வைஃபை இருக்கிறது. அண்ணன் பையனுக்கு அடுத்த மாதம் பிஎஸ்5 கேம் கன்சோல் வருகிறது. ஹாலில் சோஃபாவுக்கும் டிவிக்கும் 10 அடி. எதில் காசு போட வேண்டும், எதில் போடக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்பொறி:
அந்த 3,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ஒன்று. ஓடிடி படங்களை டிவிக்குள்ளேயே இருக்கிற ஆப்பில்தானே பார்க்கிறீர்கள்? அப்படியானால் அந்தப் படத்துக்கும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படம் வைஃபையில் வந்து டிவிக்குள்ளேயே விரிகிறது. நீங்கள் சொன்ன சீரியல் தோற்றமும் இருட்டுத் திட்டுகளும் ஓடிடியில் வருபவை, அதனால் உலகத்திலேயே விலை கூடிய கேபிளைப் போட்டாலும் அவை அப்படியேதான் இருக்கும்.

அடுத்து டிடிஎச் பாக்ஸ். நம் ஊர் எச்டி சேனல்கள் வருவது 1080ஐ (1080i), 50 ஹெர்ட்ஸில். அதை எச்டிஎம்ஐ வழியாகக் கொண்டுபோக நொடிக்கு 2 ஜிகாபிட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரமே 10.2 ஜிகாபிட் வரை போகும். பாக்ஸோடு வந்த கேபிளே தாராளம்.

எச்டிஎம்ஐ டிஜிட்டல் சிக்னல். மணியார்டர் மாதிரி, 500 ரூபாய் அனுப்பினால் 500 ரூபாய் வந்து சேரும், இல்லையென்றால் வராது, யார் கொண்டுவந்தாலும் 600 ஆகாது. கேபிளுக்குத் தாங்கும் சக்தி இல்லையென்றால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், ஓரிரு நொடி படம் கறுத்துவிட்டு வரும், அல்லது சிக்னல் இல்லை என்று வந்துவிடும். நிறம் வெளுக்காது, கூர்மை குறையாது, கறுப்பு சாம்பலாகாது. தங்க முலாம் பூசிய முனை துருப் பிடிக்காமல் இருக்கும், அவ்வளவுதான் அதன் பயன். கடலோர ஊர்க்காரர்களுக்கு அதுகூட உதவும்.

கேபிள் முக்கியமாகும் இடம் பிஎஸ்5. 4கே 60-க்கு, அதாவது நொடிக்கு 60 ஃபிரேமுக்கு, 18 ஜிகாபிட் வரை தேவை, அது 2013-ல் வந்த 2.0 தரம். 4கே 120 வேண்டுமென்றால் 2017-ல் வந்த 2.1, அதன் உச்சம் 48 ஜிகாபிட், அதற்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்று சான்று பெற்ற கேபிள் வேண்டும். ஆனால் பிஎஸ்5 பெட்டிக்குள்ளேயே அந்தக் கேபிள் வருகிறது! தனியாக வாங்க அவசியமே இல்லை. பின்னால் ஒருநாள் வாங்க வேண்டி வந்தால் உறையில் அந்தச் சான்று லேபிளும் க்யூஆர் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் '8கே' என்று பெரிதாக அச்சடித்திருப்பது சான்று ஆகாது.

ஸ்டெபிலைசர் படத்தை மாற்றாது. டிவியின் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், பெரும்பாலும் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். அந்த எல்லைக்குள் கரண்ட் ஏறி இறங்கினால் உள்ளே இருக்கும் பவர் சப்ளையே சமாளித்துக்கொள்ளும். இடி மின்னலுக்குப் பயந்து சர்ஜ் பாதுகாப்பு வைப்பது வேறு விஷயம், அது நல்லதுதான்.

ஏவிரசிகன்:
மின்பொறி சார், உங்கள் கணக்கை மறுக்கவில்லை, ஆனால் நான் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்று சொல்வது? விலை கூடிய கேபிள் மாற்றியதும் கறுப்பு ஆழமானது, நிறம் நிறைந்தது. வீட்டில் எல்லோருமே கவனித்தார்கள், நான் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.

மின்பொறி:
நீங்கள் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காரணம்தான் வேறு. புதுக் கேபிளை அதே போர்ட்டில் செருகினீர்களா, பக்கத்துப் போர்ட்டிலா? இன்றைய டிவிகள் பலவற்றில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாகப் பிக்சர் செட்டிங் சேமிக்கப்படுகிறது. எச்டிஎம்ஐ 1-ல் ஸ்டாண்டர்ட் மோட், 2-ல் சினிமா மோட் என்று இருந்தால் கேபிளை மாற்றி மாட்டியவருக்குப் படமே மாறிப்போகும்.
இன்னொன்றும் உண்டு. கழற்றி மாட்டும்போது பாக்ஸும் டிவியும் புதிதாகப் பேசிக்கொள்ளும். முன்னால் ஒன்று ஃபுல் ரேஞ்சிலும் மற்றது லிமிட்டட் ரேஞ்சிலும் மாட்டிக்கொண்டிருந்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிந்திருக்கும், திரும்பச் செருகியதும் அது சரியாகியிருக்கும். வீடியோவில், அதாவது லிமிட்டட் ரேஞ்சில், கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில், அதாவது ஃபுல் ரேஞ்சில், கறுப்பு 0, வெள்ளை 255. இந்த இரண்டும் இடம் மாறினால் ஒன்று வெளுக்கும், அல்லது இருட்டில் இருக்கும் விவரமெல்லாம் விழுங்கப்படும். முடிந்தால் பழைய கேபிளையும் அதே போர்ட்டில் போட்டுப் பாருங்கள்.

ஏவிரசிகன்:
போர்ட் மாறியது உண்மைதான், சவுண்ட்பாருக்காக, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் ஏஆர்சி போர்ட்டை விட்டுக்கொடுத்தேன். பழைய கேபிளை இதே போர்ட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இருட்டறை:
கேபிள் பேச்சு முடிந்ததா, சரி, இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். நண்பரே, உங்கள் டிவி இன்னும் கடைக் கோலத்திலேயே இருக்கிறது. ட்யூப்லைட் வரிசையின் கீழே, பக்கத்தில் இருபது டிவிகள் எரியும் இடத்தில் கண்ணை இழுக்கத்தான் அந்த விவிட், டைனமிக் மோடெல்லாம். அதை வீட்டு ஹாலில் வைத்துப் பார்த்தால் முகம் முகமாக இருக்காது.

முதலில் டிவி ஹோம் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்த வந்தவர் அவசரத்தில் ஸ்டோர் மோடை அமுக்கிவிட்டுப் போயிருந்தால் நீங்கள் என்ன மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

பிறகு பிக்சர் மோடை சினிமா, மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் என்று இருப்பதற்கு மாற்றுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்பது 2019-ல் டிவி, சினிமா நிறுவனங்களின் கூட்டமைப்பான யுஎச்டி அலையன்ஸ் அறிவித்தது, எடிட்டிங் அறையில் இயக்குநர் பார்த்த படத்துக்கு முடிந்தவரை அருகில் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்த ஒரே மாற்றம் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். மீதியெல்லாம் அதற்குப் பிறகான நகாசு வேலை.

முகம் மெழுகாக இருப்பதற்குக் காரணம் நாய்ஸ் ரிடக்ஷனும் ஷார்ப்னஸும் சேர்ந்து செய்கிற வேலை. ஒன்று தோலில் இருக்கும் நுணுக்கத்தை வழித்து எடுக்கிறது, மற்றது ஓரங்களில் வெள்ளைக் கோடு வரைகிறது. நாய்ஸ் ரிடக்ஷனை அணையுங்கள். பழைய எஸ்டி (எச்டி அல்லாத) சேனல் பார்க்கும்போது மட்டும் 'லோ' வைத்துக்கொள்ளலாம். ஷார்ப்னஸ் எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சாம்சங்கில் 0-வில் வைக்கலாம், சோனியில் 50 என்பதுதான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் மங்கும். எதுவானாலும் டிவியின் மெனு அல்லாத ஒரு படத்தில், வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கும் ஆளின் தோள் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே குறையுங்கள், அந்த வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

சீரியல் தோற்றத்துக்குக் காரணம் மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுவது. டிவி நடுவில் தானாகக் கற்பனைப் ஃபிரேம்களைச் செருகி அதை வழுவழுவென்று ஆக்கிவிடுகிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. படம் பார்க்கும்போது அதை ஆஃப் செய்துவிடுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது, ஒரு ஒளிப்பதிவாளர் யோசித்து யோசித்து எடுத்த ஷாட்டை வீட்டில் இப்படிக் கெடுத்துப் பார்ப்பது வருத்தமாக இருக்கிறது.

எனர்ஜி சேவிங்கையும் லைட் சென்சாரையும் அணைத்துவிட்டு பேக்லைட்டை அறைக்குத் தகுந்தபடி கையாலேயே வையுங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. கவனம், பிரைட்னஸ் என்று பல டிவிகளில் இருப்பது வெளிச்சத்தை மாற்றுவது இல்லை, கறுப்பின் அளவை மாற்றுவது. அதை ஏற்றினால் இருட்டு சாம்பலாகும். சோனி போன்ற சிலவற்றில் கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்றே தனியாக இருக்கும், அங்கே பிரைட்னஸ் என்பது வெளிச்சம்தான்.

வலதுகை:
கிரிக்கெட் நிழலுக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டிடிஎச் பாக்ஸின் செட்டிங்குக்குள் போய் வீடியோ அவுட்புட் என்ன என்று பாருங்கள். 576 அல்லது 720பி என்று இருந்தால் 1080ஐ-க்கு மாற்றுங்கள், 50 ஹெர்ட்ஸ் என்று தனியாகக் கேட்டால் 50. நம் ஒளிபரப்பு 50. பாக்ஸ் 60-ல் அனுப்பினால் செய்திச் சேனலில் கீழே ஓடும் வரி தடுக்கித் தடுக்கி ஓடும், கேமரா திரும்பும்போதும் அதே தடுக்கல். ஸ்கிரீன் ரேஷியோ 16:9-ல் இருக்கட்டும்.
பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் வயர் போட்டிருக்கிறார்களா, எச்டிஎம்ஐயா என்றும் ஒருமுறை பாருங்கள். எச்டி பாக்ஸை அந்த மூன்று பின் வயரில் மாட்டிவைத்திருக்கும் வீடுகளை நான் இன்னும் பார்க்கிறேன். அதில் வருவது எஸ்டிதான்.
சேனலும் எச்டி சேனல்தானா? பாக்ஸ் எச்டி, கேபிள் எச்டி, ஆனால் பேக்கில் எச்டி கட்டவில்லையென்றால் சாதாரண சன் டிவி 576 கோட்டில்தான் வரும். 32 இன்சில் அது உறுத்தாது, 55 இன்சில் அதே படம் ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்பில் விரிகிறது. உங்கள் அப்பா சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும், அவர் சொன்னது தப்பே இல்லை.
மேட்சுக்கு மட்டும் ஸ்போர்ட்ஸ் மோடுக்குப் போகாமல், சினிமா மோடிலேயே மோஷனைக் குறைந்த அளவில் வைத்துப் பாருங்கள். பந்தின் நிழல் கொஞ்சம் பேனலின் வேகத்தைப் பொறுத்தது, முழுக்கப் போகாது.

பொருநைக்கரை:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். பாக்ஸ் 720பி-யில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். சினிமா மோடும் போட்டாயிற்று. முகம் இப்போது முகமாக இருக்கிறது. ஆனால் அம்மா "ஏன் எல்லாம் மஞ்சளா இருக்கு, வெள்ளை வேட்டி அழுக்கு மாதிரி தெரியுது" என்கிறார்கள். இதை என்ன செய்வது?

மாடிவீடு:
எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்து நடந்தது, அதனால் சொல்கிறேன் தம்பி. சினிமா மோடில் கலர் டெம்பரேச்சர் வார்மில் இருக்கும். அது மஞ்சள் இல்லை, இவ்வளவு நாள் பார்த்ததுதான் நீலம். வீடியோவுக்கென்று உலகம் முழுக்க வைத்திருக்கும் வெள்ளை 6500 கெல்வினை ஒட்டியது. நம் வீடுகளில் 'கூல் டேலைட்' என்று எழுதி விற்கிற ட்யூப்லைட்டும் அதே 6500 தான். ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு டிவியின் வெள்ளையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், அம்மாவே ஒத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வார்ம் 1-ல் கொஞ்ச நாள் வைத்துவிட்டுப் பிறகு வார்ம் 2-க்குப் போங்கள், கண் பழகிவிடும். பெரியவர்களைக் கட்டாயப்படுத்தி ஒரேயடியாக மாற்றினால் நாம் இல்லாத நேரத்தில் விவிடுக்குத் திரும்பிவிடும்.

கொங்குநாட்டான்:
இதே மாடல் வைத்திருப்பவர்கள் இணையத்தில் வொயிட் பேலன்ஸ் எண்கள் போட்டிருக்கிறார்களே, சிவப்பு மைனஸ் 3, நீலம் மைனஸ் 7 என்றெல்லாம். அதை அப்படியே போட்டால் வேலை முடிந்ததா? இல்லை, கருவி வைத்து அளக்கும் ஆளைக் கூப்பிட வேண்டுமா?

இருட்டறை:
மோட், ஷார்ப்னஸ், மோஷன், இவற்றைக் காப்பியடிக்கலாம். வொயிட் பேலன்ஸ் எண்களைக் காப்பியடிக்காதீர்கள். ஒரே மாடலின் இரண்டு பேனல்கள்கூட ஒன்று போல இருக்காது, அவருடைய பேனலின் குறைக்கு அவர் போட்ட மருந்து அது. உங்களுடையதில் போட்டால் இல்லாத பச்சையோ சிவப்போ வந்து சேரும்.

காசில்லாமல் செய்யக்கூடியது, ஏவிஎஸ் எச்டி 709 என்று ஒரு இலவச டெஸ்ட் பேட்டர்ன் தொகுப்பு இருக்கிறது, எம்பி4-ஆகவே கிடைக்கும், பென் டிரைவில் போட்டு ஓட்டலாம். கறுப்புக்கான படத்தில் 16-ம் அதற்குக் கீழே உள்ள பட்டைகளும் கறுப்போடு கலந்துவிட வேண்டும், 17-லிருந்து மெல்லத் தெரிய ஆரம்பிக்க வேண்டும், அதுவரை பிரைட்னஸை (சோனியில் பிளாக் லெவலை) நகர்த்துங்கள். வெள்ளைக்கான படத்தில் 235 வரைக்கும் பட்டைகள் தனித்தனியாகத் தெரியும்படி கான்ட்ராஸ்டை வையுங்கள். இரவில், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் வெளிச்சத்தில் செய்யுங்கள். முடித்ததும் எல்லா இன்புட்டுக்கும் பொருத்து என்று மெனுவில் இருப்பதை அமுக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் யுஎஸ்பிக்கு மட்டும் நின்றுவிடும்.

நிறத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது, கண் சீக்கிரம் ஏமாறும். அதற்கு நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் வேண்டும். கணினி மானிட்டருக்கு விற்கிற கலரிமீட்டரே போதும், கூட எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபோட்டோ எடுக்கும் நண்பர்கள் யாரிடமாவது கருவி இருந்தால் இரவல் வாங்குங்கள். காசு கொடுத்து ஆளைக் கூப்பிடுவது நல்ல ஓஎல்இடி, பெரிய புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்குச் சரி. நடுத்தர விலை எல்இடிக்கு அந்தச் செலவை நான் சொல்ல மாட்டேன். ஆப்பிள் டிவி வைத்திருப்பவர்கள் ஃபேஸ் ஐடி உள்ள ஐஃபோனைத் திரைமுன் பிடித்து நிறத்தைச் சரிசெய்யலாம், 2021-ல் வந்த வசதி, ஆனால் அது ஆப்பிள் டிவியிலிருந்து வரும் படத்தை மட்டும்தான் திருத்தும், டிவியைத் தொடாது.

பொருநைக்கரை:
இருட்டுத் திட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. எச்டிஆர் என்று மூலையில் வரும் படங்கள் இன்னும் இருட்டாக இருக்கின்றன.

மின்பொறி:
இரண்டும் வேறு வேறு. திட்டு என்பது படத்தைச் சுருக்கி அனுப்புவதால் வருவது. நெட்ஃப்ளிக்ஸ் 4கே-க்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது, 4கே ப்ளூரே டிஸ்க்கோ 100-க்கு மேலேயும் போகும். அந்த இடைவெளியில் முதலில் அடிபடுவது இருட்டும் புகையும்தான். உங்கள் சந்தா 4கே உள்ளதுதானா, வைஃபை 5 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் மெலிவாக இருந்தால் ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுங்கள். இந்த உரையாடலில் நீங்கள் காசு போட வேண்டிய ஒரே கேபிள் அதுதான் என்பேன். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 மெகாபிட்தான், ஓடிடிக்கு அது போதும். விவிடிலிருந்து இறங்கி, பேக்லைட்டை இரவில் குறைத்தாலே திட்டு பாதி மறைந்துவிடும்.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே வீச்சு கூடிய படம், அதன் கதை வேறு. அதில் ஒவ்வொரு வெளிச்சமும் இத்தனை நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்று எண்ணாகவே எழுதி வருகிறது, 1,000 நிட்ஸுக்கும் மேலே போகும். உங்கள் டிவி 300 நிட்ஸ்தான் என்றால் மேலே இருப்பதை அமுக்கி உள்ளே அடக்க வேண்டும், அப்போது முழுப் படமும் இருண்டுவிடும். எச்டிஆர் படம் ஓடும்போது மெனுவைத் திறந்து பேக்லைட் உச்சத்தில் இருக்கிறதா, இப்படி அடக்குவதைக் காட்சிக்குக் காட்சி மாற்றிச் செய்யும் டைனமிக் டோன் மேப்பிங் இருந்தால் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், எச்டிஆருக்கு செட்டிங் தனியாகச் சேமிக்கப்படும். அப்படியும் போதவில்லையென்றால் ஹால் விளக்கை அணைத்துப் பாருங்கள். அதற்கு மேல் அந்தப் பேனலால் முடியாது.

பிஎஸ்5 வந்ததும் ஒன்று செய்யுங்கள், அது மாட்டியிருக்கும் போர்ட்டுக்கு சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்' என்று வரும், அதை ஆன் செய்யுங்கள். இது அணைந்திருந்தால் 4கே எச்டிஆர் சரியாக வராது, உடனே எல்லோரும் கேபிளைத்தான் குறை சொல்வார்கள்.

இருட்டறை:
10 அடி தூரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். 55 இன்ச் திரையின் அகலம் 122 சென்டிமீட்டர். நல்ல பார்வை உள்ளவரால்கூட 7 அடிக்கு அப்பால் ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் புள்ளி வித்தியாசம் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு 7 அடியில் உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள், எந்தக் கேபிளும் தராத மாற்றம் அது.

ஏவிரசிகன்:
பழைய கேபிளை அதே போர்ட்டில் போட்டுப் பார்த்தேன். மின்பொறி சார் சொன்னது சரி, படத்தில் மாற்றம் இல்லை. பழைய போர்ட் ஸ்டாண்டர்ட் மோடில் நிற்கிறது.

கொங்குநாட்டான்:
கடைசியாக ஒரு சந்தேகம். வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், மாடியில் புரொஜெக்டருக்குச் சுவருக்குள்ளேயே 12 மீட்டர் எச்டிஎம்ஐ இழுக்க வேண்டும். அங்கேயும் மலிவுக் கேபிள் போதுமா?

மின்பொறி:
அங்கே போதாது. தூரம்தான் எச்டிஎம்ஐக்கு எதிரி. 2 மீட்டரில் ஒழுங்காக வேலை செய்யும் செம்புக் கேபிள் 12 மீட்டரில் 4கே எச்டிஆரைத் தாங்காது. ஆக்டிவ் ஆப்டிகல் என்று கேட்டு வாங்குங்கள், உள்ளே கண்ணாடி இழை ஓடும். அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் சோர்ஸ், மறு முனையில் டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கும், மாற்றி இழுத்துவிட்டால் மறுபடி உருவ வேண்டியதுதான். கேபிளை நேராகச் சுவரில் புதைக்க வேண்டாம், பைப் போடச் சொல்லுங்கள், எச்டிஎம்ஐ தலையே சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் என்பதால் 32 எம்எம் பைப்பாவது வேண்டும், மூலைகளில் எல்போ போடாமல் நீள வளைவு. கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்க்காதீர்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள், நாளைக்கு வேறு தரம் வந்தால் அதைக் கட்டி இழுக்கலாம். கேபிளை இழுத்ததும் புரொஜெக்டரையும் ப்ளேயரையும் மாட்டி 4கே எச்டிஆர் படம் ஒன்றை முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கொத்தனாரைப் பூசச் சொல்லுங்கள்.